வாய் திறந்து கேட்க வேண்டிய கேள்வி

பெங்களூரு பிரேசர் டவுனில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் நான்கு மொழிகள் காதில் விழும். தமிழ்ப் பெண் கர்ப்பப்பை என்பார். கன்னடப் பெண் கர்ப்பகோசம் என்பார். உருது பேசும் பெண்ணுக்கு அது பச்சேதானி. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் மூவரும் அவரவர் மொழியில் சொல்வது ஒன்றுதான்: "எடுத்துட்டாங்க." நான்காவது மொழியான ஆங்கிலம் ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. எதையெல்லாம் எடுக்கப்போகிறார்கள் என்ற விவரம் அதில் 'டி.ஏ.எச்.', 'பி.எஸ்.ஓ.' என்று சில எழுத்துகளாகச் சுருங்கிக் கிடக்கிறது. முதலாவதற்கு, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அதன் வாயோடு எடுப்பது என்று பொருள். இரண்டாவதற்கு, இருபுறச் சினைப்பைகளையும் குழாய்களையும் சேர்த்து எடுப்பது என்று பொருள். கையெழுத்துப் போடும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கரு வளரும் பைக்குக் கீழே சுமார் 3 செ.மீ. நீளத்தில் குறுகலான ஒரு பகுதி இருக்கிறது. தமிழில் அது கர்ப்பப்பை வாய். கன்னடத்தில் கர்ப்பகண்டம், அதாவது கழுத்து. முழு ஆபரேஷனில் பை, வாய் இரண்டும் போய்விடும். 'சப்டோட்டல்' என்ற வகையில் பை மட்டும் போகும், வாய் தங்கும். எது நல்லது என்ற வாதத்துக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாயை விட்டுவைப்பதுதான் வழக்கம். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். கத்தி கீழே இறங்க இறங்கக் கிருமித் தொற்றுக்கும் ரத்தப்போக்குக்கும் பயம். மருந்தும் ரத்த வங்கியும் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. விட்டுவைத்த வாயில் பின்னாளில் புற்றுநோய் வரலாம், எதற்கு வம்பு என்று முழுதாக எடுக்கத் தொடங்கினார்கள். 1980களில் பின்லாந்திலிருந்து வந்த ஆய்வுகள் காற்றைத் திரும்பவும் மாற்றின. வாய் இருந்தால் தாம்பத்திய சுகம் குறையாது, சிறுநீர்ப்பைக்கும் நல்லது என்றன அவை.

சரிபார்த்தது லண்டன். 279 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆபரேஷன் செய்து, ஓராண்டு கழித்து விசாரித்தார்கள். முடிவு 2002இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. தாம்பத்தியத்திலும் சரி, சிறுநீர், மலம் கழிப்பதிலும் சரி, இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. வாயை விட்டுவைத்தவர்களுக்கு ஆபரேஷன் சீக்கிரம் முடிந்தது, ரத்தச் சேதமும் குறைவு. ஆனால் அவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மாதாமாதம் லேசான உதிரப்போக்கு தொடர்ந்தது. உதிரப்போக்கு தாங்காமல்தான் ஆபரேஷனுக்கே வந்திருப்பார்கள். அவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆக, சுகத்துக்காக வாயை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதம் நிற்கவில்லை. ஆனாலும் வைத்துக்கொள்ளக் காரணங்கள் உண்டு. பழைய சிசேரியன் தழும்பில் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருந்தால், வாயைப் பிரித்தெடுப்பது அதைக் கிழித்துவிடலாம். பிரசவத்தில் ரத்தம் பீறிடும்போது ஒவ்வொரு நிமிஷமும் உயிர். அப்போது டாக்டர் வாயை விட்டுவிட்டு வெளியே வருவதுதான் விவேகம்.

இந்தியப் பெண் கணக்கில் வைக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. இங்கே ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் அதற்கான பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம் மட்டுமே. வாயை வைத்துக்கொள்கிறவர் 'பாப் ஸ்மியர்' அல்லது எச்.பி.வி. பரிசோதனையை விடாமல் செய்தாக வேண்டும். "எனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே, எதற்கு டெஸ்ட்?" என்று இருந்துவிடுவதில்தான் ஆபத்து. பரிசோதனையில் ஏற்கனவே கோளாறு தெரிந்தவர்களுக்கு வாயை விட்டுவைப்பது சரிப்படாது.

இதையெல்லாம் யார் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதற்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. டெல்லியைச் சேர்ந்த சமீரா கோலி, 44 வயது, மணமாகாதவர். 1995இல் நீடித்த உதிரப்போக்குக்காக ஒரு டாக்டரிடம் போனார். லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்க்க மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு 2008 ஜனவரியில் முடிந்தது. பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் எடுப்பதற்கான சம்மதம் ஆகாது; உயிருக்கு ஆபத்து என்ற அவசரம் இல்லாதபோது, சுயநினைவுள்ள வயதுவந்த பெண்ணுக்காகத் தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்றது நீதிமன்றம். என்ன செய்யப்போகிறார்கள், மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் முன்கூட்டியே விளக்க வேண்டும் என்றும் சொன்னது. கட்டணம் டாக்டருக்குக் கிடையாது என்று தீர்ப்பானது. நஷ்ட ஈடு 25,000 ரூபாய். தொகை சிறியது, தீர்ப்பு பெரியது.

தீர்ப்பு வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும், நம் வீடுகளில் படிவத்தைக் கணவரோ அண்ணனோதான் வாங்கிப் படிக்கிறார். டாக்டர் அவரிடம்தான் பேசுகிறார். படுக்கையில் இருப்பவர் தலையாட்டுகிறார்.

கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். கட்டியை மட்டும் எடுப்பது, ஹார்மோன் சுரக்கும் வளையம் பொருத்துவது போன்ற வழிகள் எனக்கு ஒத்துவராதா? வாயை எடுக்கப்போகிறீர்களா, விடப்போகிறீர்களா, ஏன்? சினைப்பைகள் என்ன ஆகும்? உள்ளே போனபின் திட்டம் மாறினால் எதுவரை போவீர்கள்? கடைசிக் கேள்விக்கான பதிலைப் படிவத்திலேயே எழுதச் சொல்லலாம். வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்த வேண்டும். எது போனது, எது தங்கியது என்று அதில் எழுதியிருக்கும். பத்து வருஷம் கழித்து வேறொரு டாக்டர் கேட்கும்போது, "எடுத்துட்டாங்க" என்ற ஒற்றைச் சொல் போதாது.