சுவரில் ஒரு எஸ்டேட்

போடிநாயக்கனூரில் 'தோட்டம் எங்கே?' என்று கேட்டால் ஏலக்காய் முதலாளிகள் மலையைக் காட்டுவார்கள். வாடகை வீட்டு ஆசாமிகள் நாம் சுவரைக் காட்டலாம் ஸார்!

செங்குத்துத் தோட்டத்துக்கு 1938-லேயே அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டான்லி ஹார்ட் ஒயிட் பேடன்ட் வாங்கியாச்சு. நமக்கு காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில் போதும். படுக்க வைத்து, வயிற்றில் ஜன்னல் வெட்டி, மண்ணும் மக்கின எருவும் கொஞ்சம் தேங்காய் நாரும் போட்டு, நைலான் கயிற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டுங்கள். வெயில் சுவருக்கு டேபிள் ரோஸ். பாதி நிழலென்றால் காசித்தும்பை.

அடியில் ஓட்டை போட மட்டும் சோம்பல்படக் கூடாது. மேல் பாட்டிலில் வடிகிற தண்ணீரைக் கீழ் பாட்டில் குடித்துக்கொள்ளும். ஓட்டை இல்லையென்றால், தேங்கின தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிட்டு, பத்தே நாளில் வாரிசுகள் பறந்து வரும். கடைசி பாட்டிலுக்குக் கீழே வாளி வைத்தீர்களானால் அதையும் அன்றன்றே கவிழ்த்துவிடுங்கள். கொசுவுக்கும் சேர்த்து நாமா வாடகை கட்டுவது?