ஒரு கப் எத்தனை கிராம்?

இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. "ஒரு கூடை எத்தனை கிலோ?" என்று யாராவது கேட்டால், "கூடைக்குள்ள இருக்கறது பஞ்சா, கல்லா?" என்றுதானே திருப்பிக் கேட்போம்? கப்புக்கும் அதே நியாயம்தான்.

கப் என்பது கொள்ளளவு. கிராம் என்பது எடை. இரண்டுக்கும் நடுவில் அடர்த்தி என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தோமே, அதே அடர்த்திதான். அமெரிக்க கப் ஒன்று சுமார் 237 மில்லி. அதில் தண்ணீர் பிடித்தால் 237 கிராம். சர்க்கரை என்றால் சுமார் 200 கிராம், தேன் என்றால் 340. மைதா வெறும் 120 முதல் 125 வரைதான். ஆக, "1 கப் = 240 கிராம்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு சொல்பவர், மைதாவைத் தண்ணீர் என்று நினைத்துவிட்டார் :-)

மைதாவிலேயே இன்னொரு வில்லங்கம். ஸ்பூனால் அள்ளிப் போட்டால் 120 கிராம். கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 140, 150 கூட வரும். மூன்று கப் கேட்கும் கேக்கில் அரை கப்புக்கு மேல் மாவு கூடிவிடும். அப்புறம் கேக் வறட்டி மாதிரி வந்தால் அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

சரி, கப்பாவது உலகம் முழுக்க ஒன்றா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 250 மில்லி, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180. டேபிள்ஸ்பூன் மற்ற இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20!

அதற்காக நம் ஆழாக்கும் படியும் முட்டாள்தனம் என்று சொல்ல வரவில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறினாலும் இட்லி மாறவில்லையே, ஏன்? நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, இரண்டையும் ஒரே டம்ளரில் அளக்கிறோம். விகிதம் சரியாக இருந்தால் டம்ளர் எந்த சைஸாக இருந்தால் என்ன?

ஆனால் ஊறுகாய் விஷயம் வேறு. கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று. அதே கரண்டியில் தூள் உப்பு எடுத்தால் எடை கூடும். பாட்டி கல் உப்புக்குச் சொன்ன அளவில் தூள் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. தூள் உப்புக்குச் சொன்ன அளவில் கல் உப்பைப் போட்டால் உப்பு பத்தாமல் பூஞ்சை பிடிக்கும்.

என்னைக் கேட்டால், சாம்பார் ரசத்துக்குக் கை அளவு, இட்லி தோசைக்கு டம்ளர், கேக்குக்கும் ஊறுகாய்க்கும் தராசு. சமையலறைத் தராசு ஒரு பிட்சா விலைக்குள் கிடைக்கிறது. கழுவ வேண்டிய பாத்திரமும் மிச்சம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். பாட்டியின் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். டம்ளர் எடையைக் கழித்தால் எத்தனை கிராமோ, அதன் கொள்ளளவு அத்தனை மில்லி. அப்படியே அவர் அள்ளிப் போடும் உப்பையும் எடை போட்டுக் குறித்துவையுங்கள். டம்ளர் என்றைக்காவது பழைய பாத்திரக்காரரிடம் போய்விடும். அதோடு ஊறுகாயின் பக்குவமும் போக வேண்டுமா என்ன?