பின்னல் ஏடும் பிழை நோக்குவோரும்

எழுத்திற் பிழை நேரின் கற்போர் அறிவு மயங்கும். கணக்கிற் பிழை நேரின் கைப்பொருள் கெடும். இவ்விரு பிழையும் ஒருங்கே நேர்தற்கு இடமான நூல் ஒன்றுண்டு. கம்பளி இழையும் பருத்தி இழையுங்கொண்டு ஊசியாற் பின்னுவோர்க்கு வழிகாட்டும் செய்முறை ஏடே அது. மேனாடுகளில் அவ்வேட்டினை இயற்றுவோர் வேறு. அது வெளிப்படுமுன் அதன் கணக்கையும் சொல்லையும் ஆராய்ந்து சரிபார்ப்போர் வேறு. பின்னவர் தொழிலைச் சிறிதென்று பலரும் எண்ணுவர். அது சிறிதன்று என்பதும், தமிழ் பயில்வார் அதனைத் தமக்குரியதாகவே கொள்ளத்தகும் என்பதும் ஈண்டு நாம் நாட்டக் கருதியன.

இராமநாதபுரக் கடற்கரையார்க்குப் பின்னல் புதிய தொழிலன்று. கம்பளிச் சட்டை அவ்வெப்ப நிலத்தில் வேண்டப்படாதாயினும், வலை பின்னுதல் பாம்பனிலும் மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் வாழும் மீனவர்க்குக் கைவந்த கலை. நைலான் வலை ஆலையிலிருந்து வரும் இந்நாளிலும், கிழிந்த வலையை மணலிற் பரப்பிக் கண் கண்ணாகப் பொத்துவாரை அங்குக் காணலாம். சூடை மீனுக்குரிய கண் வேறு. நண்டுக்குரிய கண் வேறு. கண் பெருத்தால் மீன் நழுவும். சிறுத்தால் குஞ்சும் அகப்பட்டுக் கடல்வளம் குன்றும். ஆயினும் இத்தொழிலைக் கற்க ஏடு வேண்டியிருந்ததில்லை. தந்தையின் அருகிருந்து மகன் கற்றான்; பிழைத்த கண்ணைத் தந்தை அவ்விடத்தே அவிழ்த்துக் காட்டினான். கற்பிக்கும் கை ஒரு நாட்டிலும் பின்னும் கை பிறிதொரு நாட்டிலும் ஆயபோதே ஏடு இன்றியமையாததாயிற்று. ஏடு தோன்றவே ஏட்டுப் பிழையும் உடன் தோன்றிற்று.

1840ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து ஜேன் காகெய்ன் என்னும் மாது, பின்னல் முறைகளைக் குறியெழுத்துக்களால் அமைத்து நூலாக வெளியிட்டார். இன்றோ அத்தகைய ஏடுகள் கணினி வழியே உலகெங்கும் விலையாகின்றன. அவை கூறுவன பெரும்பாலும் கணக்கே. வலையிற்போலவே இதிலும் ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்தையும் கண் என்று கொள்வோம். பத்துச் சென்டிமீட்டர் அகலத்திற்கு 22 கண் என்பது அளவாயின், 100 சென்டிமீட்டர் சுற்றுள்ள சட்டைக்கு 220 கண் வேண்டும். அவ்வளவு 20 என்று பிழைபட அச்சாகுமாயின், அதனை நம்பி அவ்வளவுக்கேற்ற ஊசியெடுத்து 220 கண் பின்னியவள் சட்டை 110 சென்டிமீட்டராய்த் தொங்கும்.

இன்னும் ஒன்று காண்க. 120 கண் உள்ள வரிசையில், ஆறு கண் பின்னி அடுத்த இரண்டை ஒன்றாக்குக, வரிசை முடியுமளவும் இவ்வாறே செய்க என்று ஏடு விதித்தால், எட்டுக்கு ஒன்று குறைந்து 105 கண் எஞ்சும். ஏடு 108 என்று கூறுமேல், இல்லாத மூன்று கண்ணைத் தேடி அவள் இரவெல்லாம் அவிழ்ப்பாள், மீண்டும் பின்னுவாள், மீண்டும் 105 கண்ணே எஞ்சும். ஈற்றில் தன் கையையே நொந்துகொள்வாள். அச்சேறியது பொய்யாது என்பது எளியோர் நம்பிக்கையாதலின், ஏட்டைக் குறைகூற அவளுக்குத் துணிவு வாராது. இழைக்குக் கொடுத்த பொருள் வீணாதலினும், தன் திறத்தில் வைத்த நம்பிக்கையை ஒருத்தி இழத்தல் பெருங்கேடன்றோ!

இக்கேட்டினைத் தடுப்பவரே பிழை நோக்குவோர். ஒரே ஏட்டில் சிறியது முதற் பெரியது ஈறாக எட்டளவும் பத்தளவும் கூறப்படுதலுண்டு. இயற்றியவர் பின்னிக் கண்டது பெரும்பாலும் ஓரளவே. ஏனைய கணக்கால் வருவிக்கப்பட்டவை. அவ்வளவுகள் ஒவ்வொன்றிலும் கழுத்திற் குறைந்த கண்ணையும் தோளில் எஞ்சிய கண்ணையும் கூட்டிப் பார்த்தலும், கட்டப்படமும் சொல்லும் ஒத்துள்ளனவா என நோக்கலும், ஒரு செயலுக்கு ஒரு சொல்லே வழங்கச் செய்தலும் அவர் கடமை. கொக்கியூசிப் பின்னலில் இங்கிலாந்தார் டபிள் குரோஷே என்பதனையே அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பர். எந்நாட்டு வழக்கென்று ஏட்டின் முகப்பில் ஒருவரி இல்லையேல், பிழையற்ற ஏடும் பிழையேடாய் முடியும்.

இயற்றியவரே மீளப் படித்தால் போதாதோ எனின், போதாது. தாம் எழுதியதைப் படிப்பவர் தாளில் உள்ளதைப் படிப்பதில்லை. தம் மனத்தில் உள்ளதையே படிக்கின்றார். வேறு சிலரைக் கொண்டு பின்னிப் பார்க்கலாமே எனின், அதுவும் நன்றே. ஆயின் அவர் தாம் பின்னிய அளவின் பிழையைக் காண்பரேயன்றிப் பின்னாத அளவின் பிழையைக் காணார். கணினி கணக்கிடாதோ எனின், தவறாகக் கொடுத்த எண்ணையும் அது பிழையின்றிப் பெருக்கித் தரும். சிறு விலையேட்டுக்கு இத்துணைச் செலவு தகுமோ என்பது இறுதித் தடை. பிழை ஒன்றே, அதனால் நேரும் இழப்போ வாங்கினார் தொகையாற் பெருகும். ஆதலின் சரிபார்ப்புக் கூலியை மிகைச்செலவென்பது பொருந்தாது.

நிற்க. பிழை நோக்குவோர்க்கும் ஓர் எல்லையுண்டு. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் திருக்குறளைப் பயின்று, எதுகை அமையாத இடங்களைக் குறையெனக் கருதித் தாமே சொற்களை மாற்றிப் பதிப்பித்தார். பின்னர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர், அப்படிகளை விலைகொடுத்து வாங்கித் தீக்கிரையாக்கினார் என்று இராமநாதபுரச் சீமையார் இன்றும் சொல்வர். பின்னலுலகிலும் இதற்கோர் இணையுண்டு. அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மான் என்னும் அம்மையார் வட்டமாகப் பின்னுமாறு அமைத்த சட்டையைப் பத்திரிகையார் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னும் முறைக்கு மாற்றி அச்சிட்டனர். அது பொறாத அம்மையார் 1958 முதல் தம் செய்திமடலைத் தாமே வெளியிடலாயினார். பிழையைக் களைதல் வேறு. பிறர் கருத்தைத் தம் சுவைக்கு ஏற்ப வளைத்தல் வேறு. ஐயுற்ற இடத்தை இயற்றியவர்க்கு உணர்த்தி, அவர் விடையைப் பெற்றுத் திருத்துபவரே நல்ல பிழைநோக்காளர்.

இவ்வறம் நம் பதிப்பாசிரியர் காட்டிய அறமேயாகும். பாண்டித்துரைத் தேவரின் தந்தையாராகிய பொன்னுசாமித் தேவர் துணைபுரிய, ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையை 1861இல் ஆராய்ந்து பதிப்பித்தார். நாவலர் பதிப்பென்றால் நம்பி வாங்கலாம் என்னும் பெயர் அவர்க்கு வாய்த்தது. பின்னலேட்டைச் சரிபார்த்தவர் பெயரோ பல ஏடுகளிற் காணப்படுவதில்லை. பெயர் பொறித்தல் புகழ்க்காக மட்டுமன்று. பொறுப்பு இன்னாருடையதென வாங்குவோர் அறிதற்குமாம். ஆதலின் இயற்றியவர் பெயரின் கீழ்ச் சரிபார்த்தவர் பெயரும் அச்சாதல் வேண்டும். அவர்க்குரிய கூலியும் குறையாது கொடுக்கப்படல் வேண்டும்.

இதனால் தமிழர்க்காவதென்னை என்று வினவுவாருளர். நன்னூலாசிரியர் நூல் செய்யும் புலவனைப் பஞ்சு நூற்கும் பெண்ணாகவே உருவகித்தார். நூல் என்னும் ஒரு சொல்லே இருதொழிற்கும் உரியதாதலைத் தமிழ் மாணவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. அன்றியும், 1819இல் நாகர்கோவிலையடைந்த மால்ட் ஐயரின் மனைவியார் பெண்டிர்க்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர்தம் மகளார் எலைசா, 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடியில் அத்தொழிலைப் பரப்பினார். திண்டின்மேல் துளையிட்ட மாதிரித்தாளைப் பொருத்தி, அத்துளைகளில் ஊசி நாட்டிப் பின்னும் முறை அது. அத்தாளில் ஒரு துளை பிறழ்ந்தால், அதனைக்கொண்டு பின்னப்படும் ஒவ்வொரு லேஸும் பிறழும். அத்துளையைப் பார்த்துத் திருத்திய கண்களின் பெயரை நாம் அறியோம். அவர் உழைப்பினால் எத்துணைப் பெண்டிரின் கூலி காக்கப்பட்டதென்பதை மட்டும் உய்த்துணரலாம்.

ஆதலின் நம் வேண்டுகோள் இது. கடற்கரைச் சிற்றூர்களில் பனையோலை முடைவாரும், இழை பின்னுவாரும், தம் தொழிலைத் தமிழில் எழுதி வெளியிட முற்படின், நம் கல்லூரித் தமிழ் மன்றம் அவ்வேடுகளைச் சரிபார்த்துத் தரும் பொறுப்பை ஏற்றல் வேண்டும். சொல்லை நோக்கத் தமிழ் மாணவர் ஒருவர், எண்ணை நோக்கக் கணித மாணவர் ஒருவர், செய்து நோக்கத் தொழில் அறிந்தார் ஒருவர் என மூவர் அமைந்தால் போதும். அம்மூவருள்ளும் இறுதியில் நின்றாரே ஏனையிருவர்க்கும் ஆசிரியராவார். பாடபேதம் நோக்கிப் பழகிய நம் கண்கள், ஏழை ஒருத்தியின் இரவு உழைப்பு வீணாகாமற் காக்குமாயின், நாம் கற்ற கல்விக்கு அதுவும் ஒரு பயனாம்.