மின்சாரம் வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை!

ஜவ்வாது மலைக்கு இருட்டு புதிதன்று. நல்ல இருட்டைத் தேடித்தான் வானசாஸ்திரிகள் 1960-களில் காவலூருக்கு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் வைணு பாப்புவின் கனவான 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986-ல் அங்கே திறக்கப்பட்டது. ஆனால், நட்சத்திரம் பார்ப்பவருக்கு ஆனந்தமளிக்கும் இருட்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவு ஆனந்தமளிப்பதில்லை.

சமீபத்தில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாம் சென்றிருந்தோம். முதல் நாள் மாலை இடியும் மழையுமாக மின்சாரம் போய், நள்ளிரவில் திடீரென்று திரும்பி வந்ததாம். காலையில் பார்த்தால், பள்ளியின் பழைய கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை. பிள்ளைகளின் உதவித் தொகை மனுக்கள் அதற்குள் இருந்தன. அனுப்புவதற்கு எஞ்சியவை இரண்டே நாட்கள்.

"மனுக்கள் போயினவே, ஐயா!" என்றார் தலைமை ஆசிரியர்.

போகவில்லை. எழுதிச் சேமித்த யாவும் ஹார்ட் டிஸ்க் என்னும் தனிப் பெட்டியில் தங்கியிருக்கின்றன. மற்ற உறுப்புகள் கெட்டாலும், அந்தப் பெட்டி பழுதுபடாதிருந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் பொருத்திப் படிக்கலாம். ஆகையால், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடலாம்" என்று எவரேனும் யோசனை சொன்னால், நேயர்கள் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம்.

வைத்தியம் வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். முதலில் அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைச் செருகினோம், எரிந்தது. பெட்டியின் பின்புறச் சுவிட்சும் சரியாகவே இருந்தது. மின்சாரம் திரும்பும்போது அளவுக்கு மிஞ்சிப் பாய்வதுண்டு. அப்போது பவர் சப்ளை என்னும் உறுப்பு, தன்னைக் காத்துக்கொள்ளக் கதவை அடைத்துக்கொண்டுவிடும். வயரைப் பிடுங்கிவிட்டு, இயக்கும் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்தோம். சில நிமிஷங்கள் கழித்து மீண்டும் வயரைச் செருகவே, விசிறி சுழன்றது!

ஆயினும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. 'பீப், பீப்' என்று முனகல்தான் கேட்டது. பெரும்பாலும் அது நினைவுப் பலகையின் புகார். வயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ராம் என்னும் அப்பலகையைக் கழற்றினோம். அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, 'கிளிக்' என்று அமரும்படி செருகினோம். திரை ஒளிர்ந்தது.

தேதியைப் பார்த்தோம்: 1 ஜனவரி, 2009! மனுச் செய்த பிள்ளைகளில் பாதிப்பேர் இன்னும் பிறக்கவே இல்லை என்று யந்திரம் சாதித்தது. தேதி தவறினால், இண்டர்நெட்டில் பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும்; மனுவும் போகாது. கடிகாரத்தை ஓட்டும் 3 வோல்ட் வில்லை பாட்டரி தீர்ந்திருந்ததே காரணம். கடைத்தெருவில் 'சி.ஆர். 2032' என்று கேட்டால், சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதை மாற்றித் தேதியைத் திருத்தினோம். மாலைக்குள் மனுக்கள் மலையிறங்கிவிட்டன.

ஓர் எச்சரிக்கை. இவ்வளவு செய்தும் விசிறி அசையாவிட்டால், பவர் சப்ளையை மாற்றுவதே வழி. அதன் தகரப் பெட்டியை மட்டும் ஒருகாலும் திறக்கலாகாது. வயரைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் பதுங்கியிருக்கக்கூடும். புகை நாற்றம் வந்தாலும் கை வைக்காமல், தெரிந்தவரிடம் கொடுப்பதே உத்தமம்.

இடி மழை நெருங்குமுன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் வந்து சில நிமிஷங்கள் நிலைத்த பிறகு செருகுங்கள். முக்கியமானவற்றுக்கு வேறோரிடத்தில் பிரதி வையுங்கள். பழைய யந்திரம் என்பதற்காக அதைப் பிணமென்று தீர்மானித்துவிட வேண்டாம். பல சமயங்களில் அது மூர்ச்சைதான்!