கத்திக்கு நல்ல நேரம் எது?

திருவண்ணாமலையில் எதற்கும் நாள் பார்ப்பது வழக்கம். பௌர்ணமியன்று மலையைச் சுற்றப் புறப்படுவதற்கும் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று கணக்கு உண்டு. அதனால் போவது காசும் பொழுதுந்தான்; போகட்டும். ஆனால் சிறு பையனுடைய குறியின் முன்தோலை அறுப்பது எப்போது, அறுக்கத்தான் வேண்டுமா என்பதையும் பஞ்சாங்கத்தையும் பந்தலையும் கொண்டு தீர்மானிப்பதென்றால், அதைச் சும்மா விட்டுவிட முடியுமா?

தோழர்களே! கூச்சமின்றிப் பேசுவோம். பிறந்த குழந்தைக்கு முன்தோல் மொட்டோடு ஒட்டியே இருக்கும். அது நோயல்ல. 1949-ல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்னும் பிரிட்டிஷ் டாக்டர் இதை விளக்கி எழுதினார். 1968-ல் டென்மார்க்குப் பள்ளிப் பையன்களைப் பல ஆண்டு பரிசோதித்த ஆஸ்டர் என்பவர், 17 வயதில் தோல் இறுக்கம் நீடிப்பது சுமார் நூற்றுக்கு ஒருவருக்கே என்று கண்டார். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோல் பின்வாங்கவில்லை என்று கத்தியைத் தீட்டுகிறவரிடம், “எந்த நோய்க்கு ஐயா?” என்று கேளுங்கள். பலருக்குச் சில வாரம் களிம்பு தடவினாலே போதும்.

தழும்பேறித் தோல் இறுகினாலோ, அடிக்கடி சீழ் பிடித்தாலோ அறுக்க வேண்டியிருக்கும். பின்னே போன தோல் திரும்பாமல் மொட்டின் கழுத்தை நெரித்து வீங்கிவிட்டால், அந்த மணியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். “அஷ்டமி போகட்டும், தீபம் முடியட்டும்” என்பவர், தம் கழுத்தை யாராவது நெரித்தாலும் ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருப்பாரோ?

முஸ்லிம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சுன்னத்து வேண்டுமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். மாப்பிள்ளைக் கோலமும், ஊர்வலமும், கடன் வாங்கிப் போடும் கறி விருந்தும் எதற்கு? ஜமாஅத்துகள் சில, டாக்டர்களை வைத்து இலவச முகாம் நடத்துகின்றன; அது புத்தியுள்ள காரியம். எட்டாம் நாள் என்று கண்டிப்பாய் விதித்த யூதரின் பழைய நூலே, இரண்டு பிள்ளைகள் இதனால் இறந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்யாதே என்கிறது. வீட்டில் ரத்தம் உறையாத நோய் உண்டா என்று முதலில் சொல்லுங்கள். சிறுநீர்த் துவாரம் கீழ்ப்புறம் இருந்தால் அறுக்கவே கூடாது. அதைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் வேண்டும்.

செலவுக்கு வருவோம். நோய்க்கு அறுக்க வேண்டியிருந்தால் இங்கேயே சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஏழைக்கு அங்கே கட்டணமில்லை. தனியார் இன்ஷூரன்ஸ் பத்திரங்கள் பலவற்றில், நோய்க்கோ காயத்துக்கோ அல்லாமல் முன்தோல் நீக்கினால் பணமில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். இதில் கம்பெனிமேல் எனக்குக் கோபமில்லை. சடங்குக்கு ஊரார் பணம் எதற்கு? ஆனால் உண்மை நோயாளி ஏமாறக் கூடாது. நோயின் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கி, முன் அனுமதி கேளுங்கள். அன்றே வீடு திரும்பும் சிகிச்சைக்கும் பணம் உண்டா, காத்திருப்புக் காலம் முடிந்ததா என்றும் விசாரியுங்கள். இல்லாத நோயை எழுதித் தரச் சொல்வது திருட்டு.

பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்வதைக் குறை சொல்லவில்லை. புண் ஆற ஒரு வாரம், பத்து நாள் வேண்டும், அது கணக்கு. ராகுகாலத்தில் அறுத்த பையனையும் அமிர்தயோகத்தில் அறுத்த பையனையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைப்போம். எந்தப் புண் எந்த நேரத்துப் புண் என்று ஜோசியர் வந்து சொல்லட்டும்!