மருந்து தரேல்லை, பிறகு வரச் சொன்னவை



நெடுந்தீவில் நான் சந்திக்கும் அம்மா ஒருவரைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். எழுதச் சொன்னவரும் அவரே. அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.

வேறொரு வருத்தத்துக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவருக்கு வெண்குருதிக் கலங்கள் கூடியிருந்தன. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி மேலும் சோதித்தபோது, மெதுவாக வளரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் என்று கண்டார்கள். நாட்பட்ட லிம்போசைட்டிக் லூக்கேமியா என்பது அதன் பெயர். "இப்போதைக்கு மருந்து தேவையில்லை, மூன்று மாதத்தால் வாருங்கள், பார்ப்போம்" என்றாராம் வைத்தியர்.

"புற்றுநோயாம், ஆனால் மருந்து தரேல்லை. என்னைக் கைவிட்டிட்டினம் பிள்ளை" என்று அம்மா என்னிடம் சொன்னார்.

அப்போது நான் ஒரு பிழை விட்டேன். "ஒண்டுமில்லை அம்மா, யோசிக்காதேங்கோ" என்றேன். எங்களைப் போன்ற சமூக சேவையாளர்களின் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வசனம் அது! அதன்பின் அவர் இதுபற்றி என்னோடு கதைக்கவேயில்லை. அடுத்த கிளினிக்குக்கும் போகவில்லை.

அவருடைய கணவர் 1990இல் காணாமற்போனவர். "பொறுத்திருங்கள், பார்ப்போம்" என்பதை எத்தனை கந்தோர்களில் கேட்டிருப்பார். அந்தச் சொல்லுக்கு அவர் கண்ட கருத்து ஒன்றுதான்: ஒருவரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. வைத்தியர் சொன்னதும் அவர் காதில் அப்படியே விழுந்திருக்கிறது. இது எனக்கு விளங்கவே இரண்டு மாதம் சென்றது.

பிறகு தெரிந்த தாதி ஒருவரிடம் கேட்டறிந்து கொண்டு, ஆறுதலாக இருந்து கதைத்தேன். இந்த நோயின் ஆரம்ப நிலையிலேயே மருந்து தொடங்கினால் ஆயுள் கூடுமா என்று பிரான்ஸ் வைத்தியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் ஆராய்ந்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. மருந்து பெறாமல் கவனிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பத்தாண்டு கடந்தும் நோய் முற்றவில்லை, மருந்தும் தேவைப்படவில்லை. வைத்தியர் மருந்து தராமல் விட்டது யோசித்து எடுத்த முடிவு. கணவரைத் தேடிய அலைச்சலில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: திரும்பிப் போக ஒரு திகதியும், இரத்தத்தை எண்ணிப் பார்க்க ஒரு ஆளும்.

"அப்ப என்ரை கொப்பியில என்ன எழுதியிருக்கினம்?" என்று கேட்டார். இருவரும் கிளினிக் கொப்பியை விரித்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தோம்.

திகதிக்கு முன்பே வைத்தியரிடம் போகவேண்டிய அறிகுறிகளையும் எழுதிக் கொண்டோம். காரணமில்லாமல் உடல் மெலிதல், விடாத காய்ச்சல், உடுப்பு நனையும் இரவு வியர்வை (சித்திரை வெக்கையில் எல்லோருக்கும் வியர்க்கும், அதைச் சொல்லவில்லை), கழுத்திலோ கமக்கட்டிலோ தொடையிடுக்கிலோ வளரும் கட்டி, அளவுக்கு மிஞ்சிய களைப்பு.

கட்டி என்றதும் ஒன்றை ஒப்புக்கொண்டார். ஒரு நாளைக்கு இருபது தரம் கழுத்தைத் தடவிப் பார்க்கிறாராம். தடவித் தடவியே அந்த இடம் நோகிறதாம்! இனிப் பறுவத்தன்று மட்டும் பார்ப்பதென்று பேசி வைத்தோம். இரவில் வருகிற கேள்விகளைப் பேத்தியின் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டு போகிறார். சென்ற முறை ஏழு கேள்விகள். வைத்தியர் ஐந்துக்குப் பதில் சொன்னாராம்.

பயம் போய்விடவில்லை. கிளினிக்குக்கு முந்திய கிழமை இன்னமும் நித்திரை இல்லை. நித்திரையும் சாப்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பினால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் வெட்கப்படாமல் போங்கள். பயித்தியம் என்று யாரும் எழுதிவிட மாட்டார்கள்.

அடுத்த திகதி மார்கழியில் வருகிறது. வாடைக்காற்றுக்குக் குறிகாட்டுவான் படகு ஓடாமல் விட்டாலும் என்பதால், இரண்டு நாள் முந்தியே வந்து தங்கச்சி வீட்டில் நிற்கப் போகிறாராம். கொப்பியில் இப்போதே மூன்று கேள்விகள் சேர்ந்துவிட்டன.