எலியை வைத்து ஏமாற்றிய புரதம்

தேக்காவில் பரோட்டாவுடன் தே தாரிக், மாலையில் நண்பர்களோடு ஒரு குமிழித் தேநீர். இருபது வயதில் இவை கல்லீரலை என்ன செய்துவிடும் என்ற அலட்சியம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கல்லீரலுக்குள் நடப்பதை விளக்கும் முக்கிய ஆய்வு ஒன்று, லிட்டில் இந்தியாவிலிருந்து நான்கே எம்ஆர்டி நிறுத்தங்கள் தள்ளி, ஊட்ரமில் நடக்கிறது.

டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் பேராசிரியர் ஸ்டுவர்ட் குக்கும் ஆய்வாளர் அனிஸ்ஸா விட்ஜாஜாவும் ஆராய்ந்துவருவது ‘இன்டர்லியூக்கின்-11’ என்ற புரதத்தை. உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பப் பயன்படுத்தும் புரதங்களுள் அதுவும் ஒன்று.

பல ஆண்டுகளாக அதை உடலைக் காக்கும் புரதம் என்றே அறிவியல் உலகம் நம்பியது. மனிதப் புரதத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது அவை நலமடைந்ததே அதற்குக் காரணம். ஆனால் உண்மையில் நடந்தது வேறு. எலியின் சொந்தப் புரதம் சென்று சேரவேண்டிய இடத்தை மனிதப் புரதம் அடைத்துக்கொண்டது. அதாவது, சமிக்ஞை தடைபட்டதால்தான் எலி பிழைத்தது! எலியின் சொந்தப் புரதத்தையே செலுத்திப் பார்த்தபோது இதயத்திலும் சிறுநீரகத்திலும் தழும்புகள் உருவாயின. 2017ல் வெளியான அந்த முடிவு பழைய நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது.

இதில் உணவுக்கு என்ன பங்கு? கொழுப்பு நிரம்பிய கல்லீரல் உயிரணுக்கள் இந்தப் புரதத்தைச் சுரக்கின்றன. அது அந்த உயிரணுக்களையே சிதைப்பதோடு, பக்கத்து அணுக்களையும் தூண்டித் தழும்பை வளர்க்கிறது. கொழுப்பும் ஃபிரக்டோஸ் சர்க்கரையும் மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட எலிகளிடம் சமிக்ஞையைத் தடுத்தபோது கல்லீரல் அழற்சியும் தழும்பும் குறைந்தன.

2024 ஜூலையில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த முடிவு இன்னும் பெரிது. 75 வார வயதில், மனிதக் கணக்கில் ஏறக்குறைய 55 வயதில், தடுப்பு ஊசி பெறத் தொடங்கிய எலிகள் மற்ற எலிகளைவிட 20 விழுக்காட்டுக்கும் கூடுதலான காலம் வாழ்ந்தன. உடல் கொழுப்பும் புற்றுநோயும் அவற்றிடம் குறைவு.

உடனே ‘மூப்பை விரட்டும் மருந்து’ என்ற ஆரவாரம் எழுந்தது. எனக்கு அதில் தயக்கம்தான். எலியை வைத்து அறிவியல் ஒருமுறை ஏமாந்த அதே புரதமல்லவா இது? மனிதர்களிடம் சோதனைகள் தொடக்கநிலையைத் தாண்ட வேண்டும். நோயால் தழும்பேறிய நுரையீரலுக்குப் பலன் தரும் மருந்து, நலமான ஒருவரின் ஆயுளையும் நீட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் சமூகத்துக்கு இது தூரத்துச் செய்தியும் அல்ல. சிங்கப்பூர் 2016ல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு விகிதம் அதிகம். கல்லீரல் கொழுப்பும் நீரிழிவும் பெரும்பாலும் கைகோத்தே வருகின்றன.

ஊசி வரும்போது வரட்டும். பெரிய குமிழித் தேநீர்க் கடைகளின் பட்டியலில் 2023 டிசம்பர் 30 முதல் ‘சி’, ‘டி’ தர எழுத்துகள் இருக்கின்றன. அவை சொல்வது சர்க்கரையின் அளவையும் நிறைவுற்ற கொழுப்பின் அளவையும். ஊட்ரம் எலிகளின் தட்டிலும் இருந்தவை கிட்டத்தட்ட அவைதாம்.